புது ஹெல்மெட் வாங்கும் முன்: கேட்டதும் சொன்னதும்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஹெல்மெட் கடையில் 11 வருடம் நின்றவன் நான். இப்போது வேறு வேலை. ஆனாலும் புதுசு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டுவிட்டுப் போவது நிற்கவில்லை. அண்மையில் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

அண்ணா, ஆன்லைனில் எல் சைஸ் வாங்கினேன். போட்டதும் சுகமாக இருந்தது. மூன்றே மாதத்தில் லொடலொட என்று ஆடுகிறது. 60-ல் போனால் காற்று மேலே தூக்குகிறது. ஹெல்மெட் மட்டமா? (ஐ.டி. ஊழியர், தஞ்சாவூர்)

ஹெல்மெட்டைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, அளவுதான் ஒன்று பெரிசு. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே தப்பைத்தான் செய்வார்கள். போட்டவுடனே சுகமாக இருக்கும் ஹெல்மெட் பெரும்பாலும் பெரிய ஹெல்மெட். உள்ளே இருக்கும் பஞ்சு சில வாரத்தில் படிந்துவிடும். அப்போது அது இன்னும் லூசாகும்.

முதலில் தையல்கடை டேப் ஒன்றை எடுங்கள். புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். மூன்று தடவை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அந்தந்த கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்லாக இருக்கும். 'எனக்கு எப்பவும் எல்' என்ற பேச்சு சட்டைக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது.

டேப் சுற்றளவை மட்டும்தான் சொல்லும், தலையின் வடிவத்தைச் சொல்லாது. சிலருக்கு உருண்டைத் தலை, சிலருக்கு முன்பின்னாக நீண்ட தலை. நெற்றியில் மட்டும் அழுத்தி, பக்கவாட்டில் இடம் இருந்தால் அந்த மாடல் உங்கள் தலைக்கு ரொம்ப உருண்டை. பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, அழுத்தி, நெற்றிப் பக்கம் காலியாக இருந்தால் அது ரொம்ப ஒடுக்கம். இரண்டிலும் அளவை ஏற்றிப் பயனில்லை, மாடலைத்தான் மாற்ற வேண்டும்.

இனி கடையில் செய்ய வேண்டியது. பட்டைகள் இரண்டையும் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தபடி தலையை நுழையுங்கள். நுழையும்போது காது மடங்கிக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். போட்ட பிறகு கன்னம் இரண்டும் அமுங்கியிருக்கும். ஏதாவது மெல்லுவதுபோல வாயை அசைத்தால் கன்னத்தின் உட்பக்கம் லேசாகப் பல்லில் படும். அது சரியான அளவு. அப்புறம் முகவாய்ப் பக்கம் ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். நெற்றித் தோலும் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கிக்கொண்டு திரும்பினால் கழற்றி வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாருமே செய்வதில்லை. பட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டு, கூட வந்தவரிடம் ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக உருட்டித் தள்ளச் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டு வந்தால், விழும் நேரத்தில் அது தலையில் தங்காது. இதிலும் தேறினால் கால்மணி நேரம் போட்டபடியே கடையில் நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். நெற்றி முழுக்க லேசான சிவப்பு என்றால் பரவாயில்லை. ஒரே இடத்தில் காசு அளவுக்குச் சிவந்து வலித்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

உங்களிடம் இருப்பதற்குத் தடிமனான கன்னப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்று அந்தக் கம்பெனியிலேயே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். துணியையோ ஸ்பாஞ்சையோ திணித்து ஓட்ட வேண்டாம்.

1,200 ரூபாய்க்கும் ஐஎஸ்ஐ, 6,000 ரூபாய்க்கும் ஐஎஸ்ஐ. ஐந்து மடங்கு காசுக்கு ஐந்து மடங்கு பாதுகாப்பு கிடைக்குமா? (கல்லூரி மாணவர், சேலம்)

கிடைக்காது. உயிர் காக்கும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் தெர்மோகோல். வெளி ஓடு அடியைப் பரப்பும், கூர்மையானது உள்ளே குத்தாமல் தடுக்கும். தெர்மோகோல் நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் மெதுவாக நிற்க வழி செய்யும். அந்தக் 'கொஞ்சம்' சில மில்லிசெகண்டுதான், ஆனால் மண்டையோட்டுக்குள் மூளை போய் மோதும் வேகம் அதில்தான் குறைகிறது. உள்ளூர் கம்பெனிகளின் உண்மையான 1,200 ரூபாய் ஹெல்மெட்டிலும் இந்தத் தெர்மோகோல் இருக்கிறது.

கூடுதல் காசுக்கு என்ன வருகிறது? ஃபைபர் ஓடு, ஒரே ஹெல்மெட்டில் இடத்துக்கு இடம் அடர்த்தி மாறும் தெர்மோகோல், நல்ல காற்றோட்டம், கழற்றித் துவைக்கும் பஞ்சு, தெளிவான முன்கண்ணாடி, சில மாடல்களில் ஐரோப்பியத் தரச்சான்று. ஹைவேயில் அடிக்கடி போகிறவர் என்றால் கையில் இருப்பதைப் போட்டு அதை வாங்குங்கள், தகும். ஊருக்குள் காலேஜ் போய் வர, சரியான அளவில் ஒரு 1,500 ரூபாய் முழுமுக ஹெல்மெட் போதும். அளவு தப்பிய 6,000 ரூபாய் ஹெல்மெட்டைவிட அது நூறு மடங்கு மேல்.

ரோட்டோரத்தில் 350 ரூபாய்க்கு விற்கிறார்கள், அதிலும் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கிறது. அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (டெலிவரி ஊழியர், கோவை)

நாள் முழுக்க வண்டியில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்டதில் எனக்கு மனசு நிறைந்தது.

ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரத்தின் எண் ஐஎஸ் 4151. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி குற்றம். அதனால் இப்போது எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது முத்திரைக்கு மேலே 'ஐஎஸ் 4151' இருக்கிறதா, கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்பதை. போனில் 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு ஆப்பை இறக்கி, அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்த ஊர், உரிமம் நடப்பில் இருக்கிறதா எல்லாம் வந்துவிடும். ஹெல்மெட்டில் எழுதிய பெயரும் ஆப்பில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணே இல்லாத முத்திரை வெறும் படம்தான்.

ஆப் இல்லாமலும் பார்க்கலாம். உள்துணியைக் கொஞ்சம் விலக்கிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அசலில் துணிக்குப் பின்னால் கெட்டியான தெர்மோகோல் தட்டுப்படும், விரல் உள்ளே போகாது. போலியில் விரல் புதைந்து ஓட்டில் போய் முட்டும். ஒருமுறை போலீஸ் கெடுபிடி இருந்த வாரத்தில் ஒருவர் போட்டு வந்ததைப் பிரித்துக் காட்டினார்: ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே சோபாவில் வைக்கிற மாதிரி ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சு, அவ்வளவுதான். அபராதத்துக்குத் தப்பினாலும் தப்பலாம். தார் ரோட்டுக்கு அந்த ஸ்பாஞ்சு ஒன்றும் செய்யாது.

டாட், ஈசிஇ என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எது பெரிசு? (பைக் பயணி, ஓசூர்)

இரண்டும் ஹெல்மெட் தரச்சான்றுகள். டாட் என்பது அமெரிக்காவுக்கானது. அங்கே கம்பெனியே தன் ஹெல்மெட் தரத்துக்கு உட்பட்டது என்று சான்று கொடுத்துக்கொள்ளும். அரசு பிறகு கடையில் வாங்கிச் சோதிக்கும். ஈசிஇ ஐரோப்பாவுக்கானது. விற்பனைக்கு வரும் முன்பே அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் தேற வேண்டும். அதில் புதிய பதிப்பு 22.06. நேராக விழும் அடியோடு, தலையைத் திருகும் சாய்ந்த அடியையும் அது சோதிக்கிறது. நிஜத்தில் நாம் பெரும்பாலும் சாய்வாகத்தான் விழுகிறோம், அதனால் நான் இதைத்தான் நம்புவேன். முகவாய்ப் பகுதியை மேலே தூக்கும் மாடல் வாங்கினால், தாடைக்குக் கீழே மாட்டும் பட்டையில் தைத்திருக்கும் ஈசிஇ லேபிளைப் பாருங்கள். 'பி' இருந்தால் மூடிய நிலையில் முகவாய்க்குப் பாதுகாப்பு உண்டு. 'ஜே' மட்டும் இருந்தால் அது முகவாய்க்குப் பாதுகாப்பில்லாத திறந்தமுக ஹெல்மெட் என்றே கணக்கு. இந்தியாவில் வாங்கும்போது ஈசிஇ-யோடு ஐஎஸ்ஐ-யும் இருக்கட்டும்.

பள்ளிக்கூட டீச்சர் நான். பின்னல், தலையில் பூ, கோடையில் வியர்வை. முழுமுக ஹெல்மெட் எனக்குச் சரிப்படவில்லை. பாதி ஹெல்மெட் போடலாமா? (மதுரை)

உங்கள் சிரமம் புரிகிறது சகோதரி. தலையின் மேல்பாதியை மட்டும் மூடும் சட்டி மாதிரியான ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். முழுமுகம் முடியவே முடியாதென்றால், காதையும் பின்மண்டையையும் மூடுகிற, முன்னால் கண்ணாடி உள்ள திறந்தமுக ஹெல்மெட்டுக்குப் போகலாம். ஆனால் முகவாய்க்கு அதில் ஒன்றுமில்லை என்பதைத் தெரிந்தே எடுங்கள்.

நான் ஏன் முழுமுகத்தை விடமாட்டேன் என்று சொல்கிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு திருப்பத்தில் மணலில் சறுக்கினேன். வண்டி 30-ல்கூட இல்லை. எழுந்து பார்த்தால் ஹெல்மெட்டின் முகவாய்ப் பகுதியில் என் சுண்டுவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம். அந்த இடத்தில் என் தாடை இருந்திருக்கும்.

பின்னலுக்கு வழி உண்டு. உச்சியில் கொண்டையோ கிளிப்போ கூடாது. அது ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், அடிபட்டால் கிளிப்பே குத்தும். கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னி, பூவைப் பையில் வைத்துப் பள்ளியில் போய் வைத்துக்கொள்ளுங்கள். அளவு பார்க்கும்போதும் அதே பின்னலோடு போங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் பஞ்சில் இறங்காது. பஞ்சு கழற்றும் மாடலாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பு தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுகிறேன். (திருச்சி)

கண்ணாடியோடு போய் வாங்குங்கள். கன்னப் பஞ்சில் கண்ணாடிக் கம்பிக்கு வாய்க்கால் விட்ட மாடல்கள் உண்டு. கால்மணி நேரச் சோதனையில் பொட்டு வலித்தால் வேறு பாருங்கள்.

ஹெல்மெட்டுக்குக் கறுப்பு முன்கண்ணாடி ஸ்டைலாக இருக்கிறது, வாங்கவா? (திண்டுக்கல்)

பகலுக்கு மட்டும். இரவில் அதைப் போட்டுக்கொண்டு போனால் எதிரே விளக்கில்லாமல் வரும் சைக்கிள் தெரியாது. தெளிவான கண்ணாடி ஒன்று கூடவே வாங்கி வையுங்கள். அதில் கீறல் விழுந்து, எதிர் வண்டியின் வெளிச்சம் நட்சத்திரமாகச் சிதறத் தொடங்கினால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஐந்து வயது மகனுக்கும் வேண்டுமா? பெரியவர்கள் சைஸில் சின்னது போதுமா? (ஈரோடு)

வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவுப்படி நான்கு வயது தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையைக் கூட்டிப்போனால் குழந்தைக்கான ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. ஐந்து வயதில் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 50, 52 செ.மீ. தான் இருக்கும். பெரியவர்களின் மிகச்சிறிய அளவே 54 வாக்கில் தொடங்குவதால் அது ஆடும். கனமும் அந்தப் பிஞ்சுக் கழுத்துக்கு ஆகாது. குழந்தைக்கென்றே செய்த, ஐஎஸ்ஐ உள்ள, கனம் குறைந்ததை வாங்குங்கள். 'வளர்ந்தால் போட்டுக்கொள்வான்' என்று பெரிசாக வாங்காதீர்கள். அடுத்த வருடம் அளந்து வேறு வாங்கிக் கொடுங்கள்.

அப்பா தெருமுனைக் கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டை எடுக்கவே மாட்டார். மெயின் ரோட்டிலும் பட்டையை மாட்டமாட்டார். என்ன சொல்லிப் புரியவைப்பது? (காரைக்குடி)

அவரிடம் டி.இ. லாரன்ஸ் கதையைச் சொல்லுங்கள். முதல் உலகப்போரில் அரபு நாட்டில் சண்டை போட்டுப் பேர் வாங்கியவர். பெரிய பைக் பிரியர். 1935 மே மாதம் இங்கிலாந்தில் பக்கத்து ராணுவ முகாம் வரை போய்விட்டுத் திரும்புகையில், தன் வீட்டுக்குக் கிட்டத்தில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒதுக்கப் போய் விழுந்தார். தலையில் அடி. ஆறு நாள் கழித்து இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். பைக் ஓட்டிகளின் தலைக் காயங்களைப் பிறகு அவர் தொடர்ந்து ஆராய்ந்து, ஹெல்மெட் எவ்வளவு அவசியம் என்று 1941-ல் மருத்துவ இதழில் எழுதினார். போரெல்லாம் தாண்டி வந்தவர் போனது வீட்டுப் பக்கத்து ரோட்டில்தான்.

பட்டை மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னால் தரையில் போய் உருளும். சட்டமும் பட்டை மாட்டியிருந்தால்தான் ஹெல்மெட் போட்டதாக ஏற்கும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். அப்பாவுக்கு லாக் போடுவதுதான் சிரமம் என்றால், பல் பல்லாக ஏறிப் பூட்டும் கொக்கி உள்ள மாடலை வாங்கிக் கொடுங்கள். ஒரு கையால் கழற்றலாம்.

அண்ணன் தன் பழைய ஹெல்மெட்டைத் தருகிறேன் என்கிறார். ஒருதடவை விழுந்திருக்கிறாராம், ஆனால் ஓட்டில் விரிசல் இல்லை. வாங்கிக்கொள்ளலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம் தம்பி. தெர்மோகோல் ஒருமுறைதான் நசுங்கும், பழையபடி எழும்பாது. ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே அந்த இடம் தீர்ந்து போயிருக்கும். வெறும் ஹெல்மெட் சீட்டிலிருந்து நழுவி விழுந்தது என்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம், உள்ளே தலை இல்லாததால் தெர்மோகோலுக்கு வேலை வந்திருக்காது. தலையோடு விழுந்தது அப்படியல்ல. விழாததாக இருந்தாலும் உள்ளே ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் பாருங்கள். ஐந்து வருடம் தினமும் போட்டதென்றால் அதன் காலம் முடிந்தது. அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டு, அதன் பட்டையை அறுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்கும்.