சைக்கிளில் எட்டு நிமிடம் குறைப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 38 வயது, எடை 72 கிலோ. சென்னையில் வங்கி வேலை. ஓராண்டாக டிரையத்லானுக்குப் பயிற்சி செய்கிறேன். நீச்சலும் ஓட்டமும் மெல்ல முன்னேறுகின்றன, சைக்கிள்தான் சிக்கல். ஈ.சி.ஆரில் 40 கி.மீ. டைம் ட்ரையலை (தனியாக, கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட்டுவது) முதலில் 1 மணி 29 நிமிடத்தில் முடித்தேன். ஆறு மாதத்தில் 1:18க்கு வந்தேன். அதற்குப் பிறகு அங்கேயே நிற்கிறேன். வாரம் நாலு நாள் 30 கி.மீ. முடிந்தவரை வேகமாகத்தான் ஓட்டுகிறேன். என்னுடையது சாதாரண ரோடு பைக். மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இல்லை, இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் உண்டு. 1:10 சாத்தியமா? புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

பதில்: சாத்தியம்தான். சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1:18 என்றால் சராசரி வேகம் மணிக்கு சுமார் 30.8 கி.மீ. 1:10க்கு 34.3 வேண்டும். மூன்றரை கி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. சமதளத்தில் உங்கள் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் காற்றுக்கே போய்விடுகிறது. இப்போது ஹேண்டில்பாரை மேலே பிடித்து நிமிர்ந்து ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், தோராயமாக 170 வாட் செலவாகும். அதே உட்காரும் நிலையில் 1:10 வேண்டுமென்றால் 225 வாட் வரை போக வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு வருடத்தில் அவ்வளவு கூட்டுவது மிகக் கடினம். ஆனால் உடம்பைத் தாழ்த்தி ஒடுக்கினால், நல்ல டயரும் சேர்ந்தால், அதே 34.3க்கு 185 வாட் பக்கம் போதும். பதினைந்து வாட் கூட்டுவது உங்களால் முடியும்.

காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1989 கதையைச் சொல்ல வேண்டும். கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. டைம் ட்ரையல். முதலிடத்தில் இருந்த லோரோன் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திய ஏரோ பாரை (கைகளை முன்னால் நீட்டி, உடம்பைத் தாழ்த்திப் பிடிக்க உதவும் கம்பி) மாட்டிக்கொண்டு வந்தார். அன்று ஃபின்யோனைவிட 58 விநாடி முன்னதாக முடித்து, மொத்தப் பந்தயத்தையும் 8 விநாடியில் வென்றார். அந்தப் பார் உங்கள் விளையாட்டிலிருந்து போனது!

ஆகவே உங்கள் முதல் செலவு இருக்கிற ஹேண்டில்பாரிலேயே மாட்டிக்கொள்ளும் ஒரு கிளிப்-ஆன் ஏரோ பார். மாட்டியதும் சுவரை ஒட்டி சைக்கிளை நிறுத்தி ஏறி உட்காருங்கள். வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை ஏறக்குறைய தோளுக்கு நேர்கீழே இருக்க வேண்டும். மிதிக்கும்போது தொடை வயிற்றில் இடித்தால் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, சற்று உயர்த்துங்கள். அப்புறம் தலை. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் பலரும் முதுகை அழகாகத் தாழ்த்திவிட்டுத் தலையை மட்டும் கொடிக்கம்பம் போலத் தூக்கி வைத்திருப்பார்கள். ஆமை போலத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கப் பழகுங்கள். தொளதொள டி-ஷர்ட்டையும் மாற்றுங்கள்; முதுகில் அது படபடக்கும் சத்தம் வீணாகும் வாட்டின் சத்தம்தான்.

இந்த நிலையில் கை பிரேக்கில் இருக்காது. அதனால் போக்குவரத்து, சிக்னல், முட்டுக்காடு பாலத்தின் பக்கக்காற்று, இங்கெல்லாம் எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்துவிடுங்கள். இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. 25 மி.மீ. டயரில் 120 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றடித்துக் கல்லாக வைத்திருப்பவர்கள் நிறைய. கரடான ரோட்டில் அது குதிக்கும். குதிப்பில் சக்தி வீண். உங்கள் எடைக்கு 85 முதல் 90 போதும்.

இனி பயிற்சி. 1:18இலேயே நின்றுவிட்டதற்கு நாலு நாளும் ஒரே வேகத்தில் ஓட்டுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது அரைவேக்காட்டு வேகம்: களைப்பாற விடாத அளவு கடினம், உடம்பை மாற்றும் அளவுக்குப் போதாது. இரண்டு நாள் மட்டும் கடினமாக ஓட்டுங்கள். ஒரு நாள் 8 நிமிடம் வீதம் நான்கு முறை, நடுவே 3 நிமிடம் மெதுவாக. ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம். இன்னொரு நாள் 12 நிமிடம் வீதம் மூன்று முறை, சற்றே குறைந்த வேகத்தில். வாரங்கள் போகப்போக அதை 20 நிமிடம் வீதம் இரண்டு முறையாக்குங்கள். இதை ஏரோ நிலையிலேயே செய்யுங்கள், இல்லையென்றால் பந்தயத்தன்று கழுத்தும் இடுப்பும் தாங்காது. மூன்றாவது நாள் இரண்டரை மணி நேரம், முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்தில். நாலாவது நாளை ஓட்டத்துக்கோ ஓய்வுக்கோ கொடுங்கள். மூன்று வாரம் பயிற்சியைக் கூட்டி, நாலாவது வாரம் பாதியாகக் குறையுங்கள்.

வாட்சை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். சென்னை வெக்கையில் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறிக்கொண்டே போகும். மூச்சை கவனியுங்கள். ஒரு நாள் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலில் வெறும் தண்ணீர் வேண்டாம், உப்பும் சர்க்கரையும் இருக்கட்டும்.

எட்டு வாரம் கழித்து அதே ரோட்டில், அதே விடிகாலை நேரத்தில் நேரம் பாருங்கள். கடல்காற்று எழும்பிய பிறகு எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. முதல் 5 கி.மீ. "இவ்வளவு மெதுவாகவா?" என்று மனசு நச்சரிக்கும், விட்டுப்பிடியுங்கள். எதிர்க்காற்றில் கொஞ்சம் கூட்டி, பின்காற்றில் கொஞ்சம் தளர்த்துங்கள். அந்தச் சோதனையில் 1:14 வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். முடித்ததும் ஷூவை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். பந்தயத்தில் 10 கி.மீ. ஓட்டம் காத்திருக்கிறது. கால் மரக்கட்டையாக இருந்தால், பந்தயத்தன்று சைக்கிளில் இரண்டு நிமிடம் விட்டுக்கொடுக்கத் திட்டமிடுங்கள்.