வெற்றிடமாக நான்கு ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் வசிக்கிறேன். என் மனைவியின் முன்னோர் ஒருவர் துணி திருடியதற்காக 1842இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஏழாண்டுத் தண்டனை பெற்று, வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, கப்பலேற்றப்பட்டவர். பசிக்காகத் திருடிய ஏழை நெசவாளியாக அவரை வைத்து, எங்கள் மகளுக்காக ஒரு வரலாறு எழுதிவருகிறேன். (மனைவியின் பெரியம்மாவுக்கு இதில் விருப்பமில்லை.) 1845இல் குடித்துவிட்டுத் தண்டனை பெற்றிருக்கிறார், 1849இல் விடுதலைச் சான்றிதழ். இடையில் ஒரு வரிகூட இல்லை. ஓல்டு பெய்லி ஆவணங்களிலும் தேடிவிட்டேன். இந்த வெற்றிடத்தை எப்படி நிரப்புவது?

எம்.

அன்புள்ள எம்.,

ஓல்டு பெய்லி என்பது லண்டனுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்குமான நீதிமன்றம். லங்காஷயர்க்காரரை அங்கே தேடி என்ன பயன்? அந்த மாவட்டத்து நீதிமன்ற ஏடுகளையும் அன்றைய உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் பாருங்கள்.

‘பசிக்காகத் திருடிய நெசவாளி’ என்று உங்களுக்கு யார் சொன்னது? கைதிகள் வந்திறங்கியதும் செருப்பில்லாமல் நிறுத்தி உயரம் அளந்து, புருவம், மூக்கு, மோவாய் தொடங்கிக் கையில் குத்திய பச்சை வரை குறித்துக்கொண்ட அரசு, செய்த குற்றத்தை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லியும் எழுதி வைத்தது. அதில் பசி இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால், நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் போய் அவருக்கு ஜாமீன் எடுக்க வேண்டாம்.

வெற்றிடம் என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சில நாட்களாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தந்தை ஒரு முன்சீப் கோர்ட்டின் பதிவறையில் எழுத்தராக இருந்தவர். கோடை விடுமுறையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். கூரை வரை அடுக்கிய கட்டுகளைக் காட்டி, இதில் நம் தெருக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டேன். பால்காரர் ஒருவர் மட்டும் வரப்புத் தகராறில் இருப்பதாகச் சொன்னார். “மற்றவர்கள்?” என்றேன். “அவர்கள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லையே” என்று சொல்லிவிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

நீங்கள் பார்த்தது கைதிகளின் நடத்தைப் பதிவேடு. குடித்தான், எதிர்த்துப் பேசினான், நேரத்துக்குத் திரும்பவில்லை, இத்தனை நாள் தனிக்கொட்டடி என்று தண்டிக்கிறவர்கள் தங்கள் வசதிக்காக எழுதிய கணக்கு அது. அக்காலக் கைதிகள் முதலில் கும்பலாக அரசு வேலை செய்து, பிறகு அனுமதிச் சீட்டுடன் தனியாரிடம் கூலிக்குப் போனார்கள். அப்படி ஏதோ ஒரு பண்ணையில் கிழங்கு தோண்டிவிட்டு, வாயைத் திறக்காமல் படுத்துத் தூங்கிய நாளை எந்த எழுத்தர் எழுதுவார்? நான்கு ஆண்டுகள் அவர் பெயர் அதில் ஏறவில்லை என்பதே எனக்கு ஒரு செய்தியாகப் படுகிறது. அந்த இடத்தில் கற்பனையை அள்ளிப் போட்டு நிரப்பினீர்களானால் உங்கள் மீது எனக்கு வருத்தம் உண்டாகும்.

பெரியம்மாவோடு வாதாட வேண்டாம்; மறைப்பதற்கும் அந்த நாட்டில் ஒரு பரம்பரை இருக்கிறது. குதிரை திருடிய குற்றத்துக்காக 1792இல் சிட்னிக்கு வந்து சேர்ந்த மேரி ரெய்பி, பெரும் வணிகராக வளர்ந்து, 1820இல் மகள்களுடன் இங்கிலாந்துக்குப் போய் மறு ஆண்டு திரும்பினார். 1828 கணக்கெடுப்பில் தன்னைப் பற்றி, 1821இல் சுதந்திரமாக வந்தவர் என்றே பதிவு செய்தார். சொல்லுக்குச் சொல் உண்மை, முழுதாகப் பார்த்தால் பொய். அவருடைய முகம்தான் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் இருபது டாலர் நோட்டில் இருக்கிறது.

இவ்வளவு எழுதிய நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் காலத்துக் கைதிகள் பலர் வேண்டியவர்களின் பெயரெழுத்துகளைக் கையில் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். உங்களவர் கையில் என்ன இருந்தது என்று பார்த்து எழுதுங்கள்.