அச்சம் வேறு, மரியாதை வேறு: காவலரும் மக்களும் குறித்த கேள்வி பதில்

காவலர் பயிற்சியிலும், காவலர்–மக்கள் உறவு குறித்த ஆய்விலும் பல ஆண்டுகளைச் செலவிட்டவன் நான். கேட்கலாம். தனிப்பட்ட வழக்குகளுக்குள் மட்டும் நுழைய மாட்டேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்.

கேள்வி: எந்தத் தவறும் செய்யாதபோதும் காவலரைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறதே, ஏன் ஐயா?

பதில்: மருத்துவர் சொல்வது பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஆசிரியரோடு வாதாடலாம். காவலர் "நில்" என்றால் நின்றாக வேண்டும். உங்கள் உடலைத் தொட்டு நிறுத்தும் உரிமையைச் சமூகம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மற்ற அலுவலகங்களில் படி இறங்க இறங்க அதிகாரம் குறையும். இங்கே மேலதிகாரியின் கண் எட்டாத தெருவில் நிற்கும் கடைநிலைக் காவலருக்குத்தான் விருப்புரிமை மிகுதி. எச்சரித்து அனுப்பலாம், அபராதம் எழுதலாம், கைது செய்யலாம். மூன்றில் எது நடக்கும் என்று தெரியாமல் நிற்கிறீர்களே, அந்தப் படபடப்புதான் அது. அதை மரியாதை என்று எண்ணிக்கொள்ளும் காவலர்களிடம் நான் ஓயாமல் சொல்வது: பயத்தை மரியாதைக் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

கேள்வி: பிள்ளை அடம்பிடித்தால் "போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று சொல்லி அடக்குகிறேன். தவறா?

பதில்: இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. நாளைக்குக் கூட்டத்தில் வழி தவறினால் அந்தப் பிள்ளை ஓட வேண்டியது காவலரை நோக்கி. நீங்கள் எதிர்த்திசையில் ஓடப் பழக்குகிறீர்கள்.

கேள்வி: காவலர் என் கைபேசியை வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். லத்தியைப் பார்த்தாலே ஊர் அடங்கிய காலம் ஒன்று இருந்தது. பயம் போனதால்தான் ஒழுங்கும் போயிற்று. மறுக்க முடியுமா?

பதில்: மறுக்கிறேன் ஐயா. மக்கள் ஏன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள் என்பதை டாம் டைலர் என்ற அறிஞர் சிகாகோ நகரில் 1,575 பேரிடம் கேட்டு ஆராய்ந்தார். முடிவுகள் 1990இல் வெளிவந்தன. தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தைவிட, "இந்த அதிகாரம் முறையானது" என்ற எண்ணமே மனிதர்களை அதிகம் கட்டுப்படுத்துகிறது என்று அவர் கண்டார். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாரா, காரணம் சொன்னாரா, ஆள் பார்க்காமல் நடந்தாரா, என்னை மனிதனாக மதித்தாரா என்பதிலிருந்து. அபராதம் கட்டியவர்கூட, முறையாக நடத்தப்பட்டிருந்தால் மனக்கசப்பின்றிப் போகிறார்.

அதே ஆசிரியர்: அபராதம் கட்டுகிறவருக்கு இது சரி. ரௌடிக்கு மரியாதை புரியுமா?

பதில்: பலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கத்தி வீசுகிறவனைப் பிடிக்கப் பலம் வேண்டும். 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற கோட்பாடுகளும் அதை ஒப்புகின்றன: வேறு வழி இல்லாதபோது, ஆபத்தின் அளவுக்கு ஏற்ப மட்டும், பிறகு அதற்குப் பதில் சொல்லும் கடமையோடு. பிடிபட்டு, கை கட்டப்பட்டு நிற்பவனை அடிப்பது இதில் எதிலும் சேராது. உங்கள் ரௌடியையே எடுத்துக்கொள்வோம். அவனைக் காட்டிக்கொடுப்பது யார்? எதிர்வீட்டுப் பாட்டி, தெருமுனைக் கடைக்காரர். அவர்கள் காவல் நிலையப் படியேற அஞ்சினால் ரௌடிக்குத்தான் கொண்டாட்டம்.

கேள்வி: இந்த விவாதத்தில் நானும் குறுக்கிடுகிறேன். நான் ஒரு காவலரின் மனைவி. என் கணவர் பண்டிகை நாளில்கூட வீட்டில் இருந்ததில்லை. நூறு நல்லது செய்தாலும் பேச்சில்லை. யாரோ ஒருவர் செய்த தவறுக்கு இவர் ஏச்சு வாங்குகிறார்.

பதில்: உங்கள் வேதனை முழுக்க உண்மை, அதற்குக் கணக்கும் உண்டு. வெஸ்லி ஸ்கோகன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, காவலரோடு ஏற்படும் ஒரு கசப்பான அனுபவத்தின் தாக்கம் நல்ல அனுபவத்தின் தாக்கத்தைவிட 4 முதல் 14 மடங்கு வரை பெரியது. ஒருவர் ஓங்கும் கை, உங்கள் கணவர் பல மாதம் சேர்த்ததைக் கரைத்துவிடுகிறது. ஆகவே சக காவலரின் அத்துமீறலை மூடி மறைப்பது விசுவாசம் ஆகாது. நேர்மையான காவலருக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை.

அதே ஆசிரியர்: எல்லாம் ஏட்டில் நன்றாக இருக்கிறது.

பதில்: ஏட்டுக்கு வெளியே, கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் நெடுங்காலம் மோதிக்கொண்ட வட அயர்லாந்து இருக்கிறது. அங்கே கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் காவல் துறையைத் தங்களுடையதாகக் கருதவே இல்லை. படையில் அவர்கள் ஏறத்தாழ 8 சதவீதமே இருந்தார்கள். 2001இல் பெயர், சின்னம், மேற்பார்வை எல்லாவற்றையும் மாற்றினார்கள். 2011 வரை ஆள் சேர்ப்பில் பாதி இடம் கத்தோலிக்கருக்கு. அவர்கள் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியது. குறைகள் இன்னும் உண்டு. ஆனாலும் குண்டுகள் வெடித்த மண்ணில் உறவை மாற்ற அவர்கள் எடுத்த வழி, பயத்தைக் கூட்டுவதல்ல. ஐயா, இதே கேள்விக்கு மூன்று முறை பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: சட்டையில் கேமரா மாட்டினால் எல்லாம் சரியாகுமா?

பதில்: கலிபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012இல் தொடங்கிய சோதனையில் புகார்களும் பலப்பிரயோகமும் பெரிதும் குறைந்தன. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் செய்த சோதனையில் (2017) குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. பதிவை யார் பார்க்கிறார், பார்த்தபின் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

கேள்வி: கைபேசியைப் பறித்தால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வழக்கறிஞர்.

கேள்வி: பணியில் சேர்ந்து ஓராண்டாகிறது. என் கண் முன்னே மூத்தவர் ஒருவர் கைதியை அடித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: இன்று வந்த கேள்விகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். 2020இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு மூத்த காவலர் முழங்காலால் அழுத்திக் கொன்றபோது மூன்று சக காவலர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பயிற்சி தந்தவரே அந்த மூத்தவர். புதியவர் ஒருவர், ஃபிளாய்டை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று கேட்கவும் செய்தார். வேண்டாம் என்றதும் அடங்கிவிட்டார். மூவரும் பின்னர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள்.

கேட்பது மட்டும் போதாது தம்பி. அந்த நொடியில் தைரியம் தானாக வராது, முன்கூட்டியே பழக வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை 2016 முதல் இதைப் பயிற்சியாகவே தருகிறது. உடன் பணிபுரிபவரோடு இன்றே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யார் நிதானம் இழந்தாலும் மற்றவர் அந்தச் சொல்லைச் சொல்லி, தோளைத் தொட்டு, "நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வெளியே போங்கள்" என்று இடையில் நின்றுவிட வேண்டும். மூத்தவருக்கும் இது பொருந்தும். நடந்துவிட்டதை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைத்ததா என்று இப்போதே போய்ப் பாருங்கள். மற்ற கேள்விகளை நாளை எடுக்கிறேன்.