மாடிப்படியில் வரும் நெஞ்சு இறுக்கமும் நல்ல கொலஸ்ட்ராலும்

இரண்டு மாடி ஏறினால் நெஞ்சின் நடுவில் ஓர் இறுக்கம் வருவதாகவும், சற்று நின்றால் அது விட்டுவிடுவதாகவும், வாயு என்று எண்ணி மூன்று வாரமாக அசிடிட்டி மருந்து குடித்துவருவதாகவும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். உழைப்பில் வந்து ஓய்வில் மறையும் நெஞ்சு இறுக்கத்தை, வேறு காரணம் உறுதியாகும்வரை இதயத் தமனி அடைப்பின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும். உங்களுக்கு வயது 48. தந்தையார் 51 வயதில் மாரடைப்பால் இறந்திருக்கிறார். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. எனவே நாளையே இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். படுத்த நிலையில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பித் திரும்பிவிடாதீர்கள். இத்தகைய அடைப்பு அதில் தெரியாமலே போகலாம். இறுக்கம் ஓய்விலும் வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது.

நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். 33 என்பதால் உங்கள் ரத்தக் குழாய்களுக்குக் காவலே இல்லை என்று அஞ்சுகிறீர்கள். பரிசோதனைத் தாளில் உள்ள அந்த எண், ரத்தத்தில் மிதக்கும் ஹெச்.டி.எல். துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ராலின் அளவைத்தான் சொல்கிறது; அவை செய்யும் வேலையைச் சொல்வதில்லை. தமனிச் சுவரில் தேங்கிய கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும் திறன், துகளின் மேலுறையாக அமைந்த பாஸ்போலிப்பிட் கொழுப்பையும் அதில் பதிந்த புரதங்களையும் பெரிதும் சார்ந்தது. உங்களைப் போல் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 260 இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது: துகளின் உள்ளிருக்கும் கொலஸ்ட்ரால் வெளியேறி, அந்த இடத்தில் டிரைகிளிசரைடு ஏறிக்கொள்ள, அதைக் கல்லீரலின் நொதி சிதைக்க, சிறுத்துப்போன துகள் சீக்கிரமே ரத்தத்திலிருந்து அகற்றப்படுகிறது. ஆக, உங்கள் 33 பெரும்பாலும் அந்த 260-இன் விளைவே.

இந்த எண்ணை மருந்தால் உயர்த்திப் பார்த்தாயிற்று. டார்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 70 சதவீதம் உயர்த்தியது. ஆனால் அதை உட்கொண்டவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006-இல் அந்த ஆய்வையே நிறுத்த நேர்ந்தது. இணையத்தில் படித்துவிட்டு நீங்களாகவே வாங்கி விழுங்கும் நியாசின் என்ற வைட்டமின் பி3 மாத்திரையின் கதையும் நம்பிக்கை தருவதாக இல்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை எடுத்துவந்த 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நியாசினை வேறொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, 2014-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை; புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள்தான் அதிகரித்தார்கள். எல்லையில் நிற்கும் சர்க்கரையை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் அதை நீங்கள் விழுங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. இன்றோடு நிறுத்துங்கள், புட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் சிவந்து எரிவதும் அந்த மாத்திரையால்தான், ஒவ்வாமையால் அன்று.

ஹெச்.டி.எல். துகளின் கொழுப்புச் சேர்மானத்தை அளக்கும் விலையுயர்ந்த பரிசோதனை வேண்டாம்; அதன் முடிவு உங்கள் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. தினம் ஒரு முட்டையைப் பற்றிய கவலையையும் விடுங்கள். மருத்துவர் கவனிக்க வேண்டியது கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் உங்கள் எல்.டி.எல். 138-ஐ; அதற்கு ஸ்டாட்டின் பரிந்துரைத்தால் மறுக்காதீர்கள். டிரைகிளிசரைடு இறங்க, மதுவையும் இனிப்பையும் விட்டு, சோற்றின் அளவைப் பாதியாக்குங்கள். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் நெஞ்சு இறுக்கத்தின் காரணம் தெரிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை வேக நடை வேண்டாம், மாடிப்படியையும் தவிர்த்துவிடுங்கள்.