கண் எங்கே நிற்கிறது, ஏன் திரும்புகிறது?

கேள்வி: படிப்பவரின் கண் அசைவைப் பதிவு செய்தால், அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: கண் அசைவை மட்டும் வைத்து முடியாது. ஆனால் எங்கே சிக்கினார் என்பதை அது அருமையாகக் காட்டிக்கொடுக்கும். கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவி நிற்கும், மறுபடி தாவும். ஆங்கிலம் படிப்பவர்களிடம் ஒரு நிறுத்தம் சராசரியாக 200 முதல் 250 மில்லிசெகண்ட். தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போகும்.

'தலைவர் கூட்டத்தில் அழுத குழந்தையைத் தூக்கினார்.' 'அழுத' வரை வந்தவர், அழுதது தலைவர் என்றே எண்ணியிருக்கக்கூடும். 'குழந்தையை' வந்ததும் அந்த எண்ணம் உடைந்துவிடும். அந்தச் சொல்லில் முதல்முறை எவ்வளவு நேரம் நின்றார், பின்னே போனாரா, போயிருந்தால் அதைத் தாண்டி முன்னே நகர மொத்தம் எவ்வளவு நேரம் பிடித்தது என்று பாருங்கள். முதல் அளவு பெரும்பாலும் சொல்லை அடையாளம் காணும் வேலையைக் காட்டும். கடைசி அளவு வாக்கியத்தைக் கோத்துப் பார்க்கும் வேலையை.

திரும்பாமல் போனவர் சரியாகப் புரிந்துகொண்டிருக்கலாம், தப்பாகவே எடுத்துக்கொண்டும் போயிருக்கலாம். அதனால் 'அழுதது யார்?' என்று கேட்டே ஆக வேண்டும். மனம் வேறெங்கோ இருக்கும்போதும் கண் வரிமேல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அரிய சொல்லில் கூடுதலாக நிற்கும் வழக்கம் அப்போது மங்கிவிடுகிறது. என் பார்வையில், மொத்த வாசிப்பு நேரத்தைவிட நம்பகமான தடயம் இதுதான்.

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காகப் பதிவு செய்கிறோம். பார்வைப் புள்ளிகள் அடுத்த வரியில் போய் விழுகின்றன. ஏன்?

பதில்: கருவி காட்டும் இடத்துக்கும் கண் உண்மையில் பார்த்த இடத்துக்கும் இடைவெளி வந்துவிட்டது. 60 செ.மீ. தொலைவில் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரி என்பது திரையில் சுமார் 1 செ.மீ. அரை டிகிரி பிழையே 5 மி.மீ. ஆகிவிடும், வரிகள் நெருக்கமாக இருந்தால் புள்ளி அடுத்த வரிக்குத் தாவிவிடும். வரி இடைவெளியை 2 செ.மீ. வரை கூட்டுங்கள். தாடை தாங்கியில் தலையை அசையாமல் வைத்து, 9 புள்ளி அளவுத்திருத்தம் செய்யுங்கள், அதாவது திரையில் 9 புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக் கருவியை அவர் கண்ணுக்குப் பொருத்துங்கள். உடனே சரிபார்த்து, சராசரிப் பிழை அரை டிகிரிக்கு மேல் இருந்தால் மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு பத்திக்கு முன்பும் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லிச் சோதியுங்கள்.

மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பு, அடர்த்தியான கண் மை, தொங்கும் இமை ஆகியவையும் கருவியை ஏமாற்றும். அறை வெளிச்சம் மாறினால் கண்மணி சுருங்கி விரியும், அதனாலும் புள்ளி நகரும். பிறகு கையால் புள்ளிகளை இழுத்துச் சரிசெய்வதாக இருந்தால், எந்த வாசகர், எந்த வாக்கியவகை என்று தெரியாதவர் செய்யட்டும். தெரிந்தவர் செய்தால், எதிர்பார்த்த முடிவின் பக்கமே கை போகும்.

கேள்வி: பின்னோக்கிப் போவதை நிறுத்தப் பழகினால் வேகமாகப் படிக்கலாமா?

பதில்: வேகம் கூடலாம், புரிதல் போய்விடும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருமுறை பார்த்து முடித்த சொற்களைத் திரையில் மறைத்துவிட்டார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாமல் போனதும் புரிதல் குறைந்தது. அடிக்கடி திரும்ப நேர்ந்தால், நீங்கள் படிக்கும் துறையின் சொற்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள்.