கொழும்பில் எனக்குப் பொருத்தமான உளவளத்துணையாளரை எப்படித் தேடுவது?

"இரண்டு மாதமாக நித்திரை இல்லை. உளவளத்துணைக்குப் போகலாமா, யாரிடம் போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள், இன்னும் காத்திருக்க வேண்டாம்.

மருந்து எழுதுபவர் மனநல வைத்தியர். உளவளத்துணையாளர் கதைத்துத்தான் உதவுவார். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் 1926க்கு எடுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம்.

மொழி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் முதலில் போனவரிடம் 'நெஞ்சு அடைக்குது' என்பதற்கு ஆங்கிலச் சொல் தேடியே நேரம் போனது. அப்புறம் வெள்ளவத்தையில் தமிழில் கேட்பவர் ஒருவர் கிடைத்தார். பத்து நிமிடத்திலேயே அழுதுவிட்டேன்.

தகுதி, கட்டணம், சொல்வது வெளியே போகுமா, எல்லாவற்றையும் முதலிலேயே கேளுங்கள். மூன்று நான்கு தடவை போயும் மனம் திறக்கவில்லையா? சரி, ஆளை மாற்றுங்கள்.