டெக்சாஸ் ஆளுநர் சொன்னால் மகனின் விசா போய்விடுமா?

கேள்வி: மகன் டெக்சாஸில், டல்லஸ் பக்கம் பிளேனோவில், தனியார் மென்பொருள் நிறுவனத்தில் எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருக்கிறான். "டெக்சாஸில் எச்-1பி-யை ஆளுநர் நிறுத்திவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இங்கே ஒரு கன்சல்டன்சிக்காரர் 6 லட்சம் கொடுத்தால் விசாவை வேறு மாநிலத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? - ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். நம் முதல்வர் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆனாலும் விசா கொடுப்பதும் பறிப்பதும் வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் வேலை. 2010-ல் அரிசோனா மாநிலம் தானே ஒரு குடியேற்றச் சட்டம் போட்டுப் பார்த்தது. வழக்குக்குப் போன 4 பிரிவுகளில் மூன்றை 2012-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்படியானால் அபாட் எதை நிறுத்தினார்? 2026 ஜனவரி கடைசியில் அவர் எழுதிய கடிதம் மாநில அரசுத் துறைகளுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும்தான். அவர்கள் தனி அனுமதி இல்லாமல் புதிதாக எச்-1பி மனு போடக்கூடாது. வரிப்பணத்தில் சம்பளம் போகும் வேலை முதலில் டெக்சாஸ்காரருக்கு என்பது அவர் வாதம். தடை 2027 மே 31 வரை. அங்கே சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 140 நாள்தான் கூடும். அடுத்த கூட்டத்தொடர் முடியும் நாள் அது.

யார் அரசு, யார் தனியார் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் பெயரில் டெக்சாஸ் இருந்தாலும் தனியார். ரைஸ் பல்கலைக்கழகமும் தனியார்தான். ஹூஸ்டன் பல்கலைக்கழகம் மாநிலத்துடையது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் பார்வைக்கு மருத்துவமனை; ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் வெளிநாட்டு ஊழியர் அலுவலகத்தில் இப்போதே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. விசா நீட்டிப்புக்கும் முதலாளிதான் மனு போட வேண்டும், அதனால் சொல்கிறேன். தனியார் நிறுவனத்தில் இருக்கும் உங்கள் மகனுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இப்போது அந்த 6 லட்சம். போன மாதம் ஒரு தாயார் என் மேசையில் வைத்த ரசீதில் "ஸ்டேட் டிரான்ஸ்பர் சார்ஜ்" என்று அழகாக அச்சடித்திருந்தது. அப்படி ஒரு கட்டணமே கிடையாது. எச்-1பி மனு போடும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான். அப்பாவோ மகனோ ஏஜென்டோ போட முடியாது. மனுக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் முதலாளி தலையில்தான் விழ வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறை விதி. வேறு மாநிலத்துக்கு மாறி வேலை பார்த்தால் திருத்திய மனு வேண்டும், அதையும் கம்பெனிதான் போடும். பணத்தை உங்களிடம் கேட்கிறார் என்றாலே ஆள் சரியில்லை.

இவர்கள் பிழைப்புக்கு வாஷிங்டனே தீனி போடுகிறது என்பதுதான் எரிச்சல். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். ஞாயிறு முதல் அமல் என்றார்கள். யாருக்குப் பொருந்தும் என்ற விளக்கம் வருவதற்குள் லீவில் வந்த பிள்ளைகள் திரும்பிப் போக டிக்கெட் தேடி அல்லாடின. அரசாங்கம் வாயை மூடிக்கொண்டால் ஏஜென்ட் வாய் திறக்கிறான்.

மகனிடம் ஐ-797 என்ற ஒப்புதல் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மனுதாரர் என்ற கட்டத்தில் கம்பெனி பெயரும், கீழே எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்கும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே கம்பெனி மனித வளத் துறையிடம் நீட்டிப்பு பற்றிப் பேசட்டும். கன்சல்டன்சிக்காரரிடம் பாஸ்போர்ட் நகல் கொடுத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.